இடது பெடல்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே குறையில்லாமல் இருக்க வேண்டும் என்பதே எப்போதும் என் நினைப்பு. அதென்ன உடம்பளவில் என்று உடனே போனை எடுக்காதே, முழுக்கப் படித்துவிடு. போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்து நாற்காலியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

பெரியப்பாவின் பழைய சைக்கிள் நம் வீட்டுக்கு வந்திருக்கிறது. பெரியம்மா வீட்டைக் காலி செய்தபோது அதைப் பழைய இரும்புக்குப் போட மனசு வராமல், தம்பிக்குத்தான் சேரணும் என்று அனுப்பிவிட்டாள். எங்கு பார்த்தாலும் துரு. பெயிண்டரிடம் கேட்டதற்கு, எல்லாத்தையும் கழட்டி வெறும் ஃபிரேமா கொண்டாங்க, ஒண்ணு உடைஞ்சாலும் இப்பக் கடையில கிடைக்காது, பார்த்துக் கழட்டுங்க என்றார். ஆலையில் ஆயுசு முழுக்க ஃபிட்டராக இருந்த மனுஷனிடம் போய் இதைச் சொல்கிறார் பார். அப்பாவும் ஆசையாகத்தான் ஆரம்பித்தார். சீட்டுக் கம்பி இறுகிப் போயிருந்தது, அதை இழுக்காமல் எண்ணெய் விட்டு ஊறவைத்து, குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திருகி எடுத்தார். செயின், மட்கார்டு, வலது பெடல் எல்லாம் ஒரு கீறல் இல்லாமல் வந்து பழைய வேட்டியின் மேல் வரிசையாகப் படுத்துக்கொண்டன.

அப்புறம் இடது பெடலுக்கு வந்தார். எனக்கு அடுப்படி ஜன்னலிலிருந்து பின்கட்டு முழுக்கத் தெரியும். ஸ்பானரை மாட்டி முக்குகிறார், எண்ணெய் விடுகிறார், மறுபடி முக்குகிறார். கடைசியில் பிடி நீளமாகட்டும் என்று ஸ்பானரில் ஓர் இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்க அழுத்துகிறார். எனக்குப் பகீரென்றது, ஏனென்றால் அவர் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் இடப்பக்கம் திருப்பினால் கழலும், இடது பெடல் ஒன்றுதான் வலப்பக்கம் திருப்பினால் கழலும். இதை எனக்குச் சொன்னதே அவர்தான். சண்டை வந்தால் என்னை இடது பெடல் என்றுதானே கூப்பிடுவார், உலகமே ஒரு பக்கம் திரும்பினால் நான் மறுபக்கம் திரும்புவேனாம். ஓடிப்போய், ஏங்க, அது இடது பெடல் என்றேன். எனக்குத் தெரியாதா, நீ உள்ளே போ என்று சீறினார். மரை போயிடும்ங்க, வலப்பக்கம் திருப்புங்க என்று கையைப் பிடித்தேன். அவர் ஸ்பானரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியலடி, நேத்திலேர்ந்து யோசிச்சுப் பார்க்கிறேன் என்றார். அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை சின்னு.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். கொஞ்ச நாள் முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கி, நம் தெரு எதுவென்று புரியாமல் பழக்கடை வாசலிலேயே வெகுநேரம் நின்றாராம். பழக்காரர் என்ன வேணும் ஐயா என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், வேண்டாத கொய்யாவை வாங்கிக்கொண்டு வந்தாராம். அன்றைக்கு என்னடா இது, பல் இல்லாதவர் கொய்யா வாங்கி வருகிறாரே என்று நான் கேலி செய்தேன். பாப்பாகிட்ட சொல்லாதே, அங்க பயந்துபோயிடும் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். சரி என்றுதான் தலையாட்டினேன், ஆனால் இதைத் தனியாகச் சுமக்க என்னால் முடியவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனேன். வயசால வர்ற மறதியா, வேற ஏதாவதான்னு தலையைப் படம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். எடுத்தாகிவிட்டது, முடிவு வரவில்லை. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் முடிவுதான் வந்துவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

அன்றிலிருந்து சைக்கிளைத் தொடவில்லை. நேற்று அவராகவே வந்து, நீயும் கூட நில்லு, திருப்பறதுக்கு முன்னாடி பக்கத்தைச் சொல்லு என்றார். கொதிக்கிற தண்ணீரை அந்த மூட்டில் ஊற்றினேன், எண்ணெய் விட்டோம், பொறுத்திருந்தோம். வலப்பக்கம் என்றேன். குழாய் இல்லாமல் கையாலேயே அழுத்தினார், டக்கென்று ஒரு சத்தம், கழன்றுவிட்டது. உடைந்தே போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மரையை விரல் நுனியால் தடவிப் பார்த்து, ஒண்ணும் ஆகலடி என்றார்.

நீ போன் பண்ணும்போது மறதியைப் பற்றி எதுவும் கேட்காதே, அழவும் செய்யாதே. சைக்கிள் எதுவரைக்கும் வந்திருக்கு என்று கேள், சொல்வார். நடுவில் ஒரு பெயர் வராமல் தடுமாறினால் நீ எடுத்துக்கொடுத்துவிடாதே, உனக்கு அவசரம் ஜாஸ்தி. அவரே தேடி எடுக்கட்டும். முடிந்தால் லீவு சொல்லிவிட்டு ஒரு நடை வந்து போ, சும்மா பார்க்க வந்த மாதிரி வா. மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைக்கு முத்தம். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, வரும்போது பையில் வைத்துக்கொண்டு வந்து நிற்காதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா