தாழ்ப்பாள் நிற்காத கதவு

என் கப்பற்கார அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு விண்டர் ஆகிவிட்டது. வால்தம்ஸ்டோவில் எங்கள் பார்சல் கடை நடக்கிறது. கொழும்புக்கும் கனடாவுக்கும் கப்பலில் சாமான் அனுப்ப ஆட்கள் வருகிறார்கள். பெட்டிகளுக்கு நீங்கள் காட்டித்தந்த முடிச்சைத்தான் இன்றைக்கும் போடுகிறோம்.

ஆனால் நீங்கள் உண்மையிலேயே போய்விட்டீர்களா அப்பா? எனக்குப் பயமாக இருக்கிறது. வெள்ளி பின்னேரம் மாடிப்படிக் கதவுக்கு அண்ணை தாழ்ப்பாள் போடுகிறார். சனி காலையில் அது திறந்து கிடக்கிறது. படியெல்லாம் உங்கள் சுருட்டு மணம். அண்ணையின் முகம் வெளிறிப்போகிறது. பூட்டினது அவர் அல்லவா!

மாடியில் நீங்கள் தொடங்கிய சனிக்கிழமை வாசிப்பு வகுப்பு இனி எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும்தானாம். "சண்டைக்குள்ள இருந்து வந்த எங்கட பிள்ளையளுக்கே இடம் காணாது. மற்றவைக்குக் கவுன்சில் பள்ளிக்கூடம் இருக்கு" என்கிறார் அண்ணை. அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மேரி அன்ரியின் பேத்திகளை எந்த வாயால் வரவேண்டாம் என்பது? நீங்கள் கப்பலை விட்டு இறங்கிய முதல் விண்டரில் இந்த ஊரில் ஒருவரும் உங்களுக்கு அறை தரவில்லை. ஜமேக்காவிலிருந்து வந்த அந்த அன்ரிதானே கதவைத் திறந்தா?

அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் கேட்ட கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! அந்த நாடு பிறந்த காலத்துக் கறுப்பினக் கப்பல்காரர் ஒருவர்; அடிமையாக இருந்து மீண்டவரின் மகன். சின்ன வள்ளத்தில் தொடங்கிச் சொந்தக் கப்பல்கள் ஓட்டியவர். பள்ளிக்கூடம் கட்ட ஊரார் ஒத்துவராதபோது, தன் காணியில் தன் காசில் கட்டி, எல்லார் பிள்ளைகளும் வரட்டும் என்றாராம். "தன்னைத் தள்ளிவைச்ச சனத்தின்ர பிள்ளையளையும் இருத்திப் படிப்பிச்ச மனிசன். என்னால மாடியில ஒரு அறை குடுக்க ஏலாதோ?" என்பீர்கள்.

போன சனி விடியவே எழும்பிப் போய்ப் பார்த்தேன். கீழ்ப்படியில் அம்மா. பக்கத்தில் கோப்பைத் தட்டில் உங்கள் சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. உங்களுக்காகக் காத்திருக்கிறாவாக்கும் என்று நினைத்தேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பா இனி வரமாட்டார்" என்றேன்.

"விசரி! எனக்குத் தெரியாதே? நான்தானே வாய்க்கரிசி போட்டனான். மேரியின்ர பேத்தியள் வருங்கள் எண்டு திறந்தனான்."

"அப்ப சுருட்டு?"

"அது உன்ர அண்ணைக்கு. உயிரோட இருக்கிற தாயின்ர சொல்லைக் கேக்கமாட்டான். செத்த தேப்பனுக்கெண்டாலும் பயப்பிடட்டும்."

சிரித்தேன், அப்பா. சிரித்துச் சிரித்து அழுதேன். அம்மாவும் அழுதா. அந்தத் தட்டில் இருந்ததுதான் பெட்டியில் மிஞ்சியிருந்த கடைசிச் சுருட்டாம்.

இன்றும் சனிக்கிழமை. அம்மா காய்ச்சலில் கட்டிலை விட்டு எழும்பவில்லை. நான் போனபோது, நேற்று அண்ணை பூட்டிய கதவு திறந்திருந்தது. படியில் அதே மணம்.

அண்ணை எனக்குப் பின்னால் வந்து நின்றார். கடைக்குள் போய்த் திருப்புளி எடுத்துவந்து என் கையில் தந்தார்.

தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன், அப்பா. நான் இருக்கும்வரை அந்தக் கதவில் இன்னொன்று ஏறாது. மேரி அன்ரியின் பேத்திகளும் மற்றப் பிள்ளைகளும் மேலே சத்தமாக வாசிக்கிறார்கள். இனி நீங்கள் வந்து திறக்கத் தேவையில்லை. ஆனாலும் வாருங்கள்.

உங்களைத் தேடும்,
உங்கள் கடைக்குட்டி