வெங்காயம் உரிக்காத பயணம்

என் ஆசை மச்சாள் புளோராவுக்கு,

போர்த்துக்கல்லுக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். நாலு நாள். நீ சொல்லிவிட்ட ஒரு சொல்லை நான் காப்பாற்றவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, முழுவதையும் கேட்டுவிட்டுக் கோபி.

பலெர்மோவில் எங்கள் ஒரேத்தோத் தெருவில் இப்போது ஞாயிறு பின்னேரம். பூசை முடிந்து சனம் கலைந்துவிட்டது. உன் வீட்டுக் குசினி மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். என் அண்ணன், உன் புருசன், உள்ளே படுத்திருக்கிறார். நீ போய்ப் பதினாலு மாதமாகியும் கட்டிலில் உன் பக்கத்தைத் தொடுவதில்லை, ஓரத்திலேயே கிடக்கிறார். நீ வேலை பார்த்த வீட்டுக்காரி, உன் சிஞ்ஞோரா, புதிதாக ஒருத்தியை வேலைக்கு வைத்திருக்கிறா. அவள் மேசைவிரிப்பை இஸ்திரி போட்டு மினுக்கும் விதத்தை நீ பார்த்தால் இன்னொரு தரம் செத்திருப்பாய். பகிடிக்குச் சொல்கிறேன். உன்னோடு பகிடி விட்டே பழகியவள், செத்த வீட்டு மரியாதை எனக்கு எங்கே வரும்?

இந்தக் கடிதம் வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கும் நாங்கள் யார் என்று தெரியவேண்டும். மன்னாரில் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தோம். பிறகு நீ என் அண்ணனைக் கட்டினாய். பதினெட்டு வருடம் பலெர்மோவில், ஒரே தெருவில் இரண்டு வீடுகளில், நீ ஒரு வயதான சிஞ்ஞோராவையும் நான் ஒரு வயதான சிஞ்ஞோராவையும் பார்த்துக்கொண்டோம்.

அந்தப் பதினெட்டு வருடத்தில் நாங்கள் போகாத நாடா? பாரிசுக்குக் கலியாணம், லண்டனுக்குச் சாமத்தியவீடு, சுவிசுக்கு முதல் நன்மை, ஜெர்மனிக்குச் செத்தவீடு. எங்கே இறங்கினாலும் விமான நிலையத்திலிருந்து நேரே ஒரு குசினிக்குத்தான். "எங்கடை ஆக்கள் வந்திட்டினம்" என்பார்கள், கையில் கத்தியைத் தருவார்கள், முன்னால் ஒரு மூட்டை வெங்காயம் இருக்கும். பாரிசுக்கு மூன்று தரம் போனோம். ஈபிள் கோபுரத்தைக் காரின் பின்சீட்டிலிருந்து, உன் மடியில் பாயாசப் பானையோடு பார்த்தோம். அதுவும் பாதி.

உனக்கு அந்த யோசனை வந்தது நகரத்து ஓரம் பிரான்காச்சோவிலிருந்து திரும்பிய பேருந்தில். சொந்தக்காரர் இல்லாத நாடு எது என்று விரல் மடிக்கத் தொடங்கினாய். நோர்வே என்றாய், என் பெரியப்பாவின் மகன் என்றேன். கனடா என்று சொல்ல உனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் போர்த்துக்கல்லின் வடக்குப் பக்கம் வந்து நின்றாய். உன் சிஞ்ஞோரா வீட்டுக் கலண்டரில் நீல ஓடு பதித்த ஒரு கோயில் இருந்ததே, அந்தப் பக்கம். இரண்டு பேரும் யோசித்துப் பார்த்தோம். அங்கே எங்களுக்கு ஒரு குருவிகூட இல்லை.

"எங்களைத் தெரிஞ்ச ஒருத்தரும் இல்லாத இடத்திலை நாலு நாள் நிண்டு பாக்கவேணும், ரீத்தா," என்றாய். "வெங்காயம் உரிக்காமல்."

இரண்டு தரம் ஆயத்தப்படுத்தினோம். இரண்டு தரமும் குழப்பியது நான்தான். முதல் தரம் சுவிசில் மருமகனுக்கு முதல் நன்மை, போகாவிட்டால் கதை வரும் என்று பயந்தேன். அடுத்த தரம் என் சிஞ்ஞோரா அந்த நாலு நாளும் தன் மகளிடம் போய் இருக்க மறுத்துவிட்டா, நானும் லீவு கேட்க வாய் திறக்கவில்லை. "போர்த்துக்கல் ஓடியா போகப்போகுது?" என்றாய். அது ஓடவில்லைதான்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை என் கையைப் பிடித்துச் சொன்னாயே, அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. "நீ கட்டாயம் போ. ஆனா ஒருத்தற்றை வீட்டையும் போகாதை. போனால் வெங்காயம் உரிக்கக் கேப்பினம்." நான் ஓம் என்றேன். நீயும் நானும் சிரித்தோம். உனக்குச் சிரித்தால் நோகும் என்று தெரிந்தும் சிரித்தோம்.

சரி, போன கதைக்கு வருகிறேன். பயணச்சீட்டு எல்லாம் உன் மகள் செரீனா போனிலேயே போட்டுத் தந்தாள். "மாமி, திரான்குவில்லா, பயப்பிடாதையுங்கோ, நான் பாக்கிறன்," என்று அரைவாசி இத்தாலியனில் எனக்குப் புத்தி சொன்னாள். பெட்டி அடுக்கியது நான். அடுக்கி முடித்துத் தூக்கிப் பார்த்தால் பெட்டி கல்லாய்க் கனக்கிறது. திறந்து பார்க்கிறேன்: முறுக்கு ஒரு பை, பயத்தம் உருண்டை ஒரு பை, வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒரு கிலோ. யாருக்கு? பயணம் என்றால் என் கை தானாகவே பார்சல் கட்டிவிடுகிறது. வெளியே எடுக்கலாமா என்று பார்த்தேன். வெறும் பெட்டியோடு ஒரு ஊருக்குப் போய் இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியே கொண்டுபோனேன்.

போர்த்தோவில் இறங்கி, நகரத்து ரயில் நிலையத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தேன். சுவர் முழுக்க நீல ஓடு. குதிரை, ராசா, சண்டை, திருவிழா, எல்லாம் ஓட்டிலே. சுற்றுலாப் பயணிகள் வாயைத் திறந்து பார்க்கிறார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இதை யார் துடைக்கிறது, எந்த ஏணி, ஓட்டின் இடுக்குக்கு என்ன போடுகிறார்கள்? நீ நின்றிருந்தால் வினாகிரி என்றிருப்பாய். நான் இல்லை என்று தர்க்கப்பட்டிருப்பேன். அரைமணி நேரம் அங்கே நின்று தனியாக உன்னோடு தர்க்கப்பட்டேன்.

பேக்கரியில் ரொட்டிக்கு எங்கள் ஊர்ப் பெயரால் பாண் என்றே கேட்டேன். தந்தார்கள். கடைப் பலகைகளில் எல்லாம் சில்வா, பெரேரா, குரூஸ். எங்கள் பங்கின் திருமணப் பதிவேட்டைத் தெருவில் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. ஒருவரையும் தெரியாத ஊருக்கு வந்து, பெயரெல்லாம் தெரிந்த பெயராக இருந்தால் என்ன செய்வது?

ஹோட்டலில் நடந்ததைச் சொன்னால் நீ சிரிப்பாய். காலையில் எழும்பிக் கட்டிலை விரித்தேன். குளியலறைத் தொட்டியைத் துடைத்தேன். துவாயை நீ மடிக்கிற மாதிரி மூன்றாக மடித்து வைத்தேன். துப்புரவுக்கு வந்த பெண் நான் அந்த அறையில் படுக்கவே இல்லை என்று நினைத்து, கீழே போய் விசாரித்திருக்கிறாள். அடுத்த நாளும் அப்படித்தான். அப்போது நான் உள்ளேயே இருந்தேன். அவள் என் கைகளைப் பார்த்தாள், பிறகு தன் கைகளைக் காட்டினாள். எங்கள் வயதுதான். என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, நான் விரித்ததைக் கலைத்துத் தானே திரும்ப விரித்தாள். என் வாழ்க்கையில் ஒருத்தி எனக்குக் கட்டில் விரித்தது அதுதான் முதல் தரம். அவளுக்கு முறுக்கில் பாதியைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் கிமராயிஷ். அந்த நாடு அங்கேதான் பிறந்ததாம், மதிலில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். கருங்கல் கோட்டை, ஒடுங்கிய ஒழுங்கைகள், மரப் பல்கனிகளில் உடுப்புக் காயப்போட்டிருக்கிறார்கள். பலெர்மோவில் எங்கள் பல்லரோச் சந்தைப் பக்கத்துச் சந்துகளைக் கழுவித் துடைத்து, சத்தத்தை நிற்பாட்டினால் அப்படித்தான் இருக்கும். கோட்டைக்கு முன்னால் ஒரு கிழவரிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக் கையால் நடுவுக்கு வா, நடுவுக்கு வா என்று காட்டினார். எனக்கு விளங்கவில்லை. பிறகு படத்தைப் பார்த்தால் நான் ஓரத்தில் நிற்கிறேன். உனக்கு இடம் விட்டிருக்கிறேன்.

அங்கே ஒலிவ மரம் நிற்கிற முற்றத்துக் கோப்பிக்கடையில் இருந்துதான் முதல் தரம் அழுதேன். சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஊரைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தோம். அது நீயும் இல்லாத ஊராக இருக்கும் என்று ஏன் எனக்கு அந்த நேரம் வரைக்கும் உறைக்கவில்லை? பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் ஒரு கேக்கை இரண்டாக வெட்டித் தின்றார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. என் குணம் உனக்குத் தெரியும்தானே.

கடைசி நாள் பிராகா. ஊருக்கு வெளியே மலையில் ஒரு யேசு கோயில், அதற்கு ஏறிப்போக வெள்ளையும் கருங்கல்லுமாய்ப் படிக்கட்டு, இப்படியும் அப்படியும் மடிந்து மடிந்து போகிறது. நடுவில் ஒவ்வொரு தட்டிலும் ஒரு நீர்ச்சிலை: கண்ணிலிருந்து தண்ணீர் விழுகிற சிலை ஒன்று, காதிலிருந்து விழுகிறது ஒன்று. பெட்டியை அடிவாரத்துக் கடையில் வைத்துவிட்டு, உனக்காக ஒரு செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். காதுச் சிலைக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றபோது போன் அடித்தது.

"மச்சாள், நான் மெற்றில்டா கதைக்கிறன்."

உன் சின்னம்மாவின் மகள் மெற்றில்டா. நீ இடுப்பில் தூக்கி வளர்த்தாயே, அவள். எட்டு மாதத்துக்கு முன்னால் புருசனோடு பிராகாவுக்கு வந்துவிட்டாளாம், நீ போனபிறகு. எனக்குத் தெரியாது. செரீனாவை விட்டால் நான் பயணத்தை அண்ணன் ஒருவருக்குத்தான் சொன்னேன், ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கினேன். அண்ணனின் வாயைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டுமா?

நான் ஒரு பொய்யை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லலாம் என்றிருந்தேன். உன் கை என் கையைப் பிடித்திருந்தது அப்படியே நினைவுக்கு வந்தது. அதற்குள் அவள் சொன்னாள்:

"எனக்கு விசாப் பேப்பர் சரிவராமல் அக்கான்ரை செத்தவீட்டுக்கு வரேலாமல் போச்சுது. கடைசியிலை அவ என்ன சொன்னவ, என்ன சாப்பிட்டவ எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் பக்கத்திலை நிண்டனியளாம். ஒருக்கா வந்திட்டுப் போங்கோ, மச்சாள்."

மேலே இன்னும் பாதிப் படி இருந்தது. நான் திரும்பிக் கீழே இறங்கிப் பெட்டியை எடுத்தேன். இதுதான் நான் காப்பாற்றாத சொல். கோபிப்பதென்றால் இப்போது கோபி.

ஒரு தொடர்மாடியில் மூன்றாம் தட்டு. அவள் கதவைத் திறந்ததும் என் பெட்டியைப் பார்த்தாள். நான் மிளகாய்த்தூளை எடுத்து நீட்டினேன். அவள் பையைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு அங்கேயே நிலத்தில் குந்திவிட்டாள். பிறகு குசினிக்குள் போனோம். நீ நினைப்பது சரி, வெங்காயம்தான். ஒரு கோப்பை நிறைய. நானே கத்தியை எடுத்தேன், ஒருவரும் தரவில்லை. உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிப் பின்னேரம் ஆஸ்பத்திரியில் நீ சன்னலைத் திறக்கச் சொன்னதை, கீழே தெருவில் மீன்காரன் கூவுவதைக் கேட்டு "இவன் பழைய மீனைத்தான் விக்கிறான்" என்று சொன்னதை, அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லாததை. இரண்டு பேரும் வெங்காயத்தைச் சாட்டி நன்றாக அழுதோம்.

புளோரா, பலெர்மோவில் இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. இங்கே எல்லாருக்கும் நீ செத்தது தெரியும், அதனால் ஒருவரும் கேட்கவில்லை. என்னிடம் கேட்க ஒருத்தி பிராகாவில் காத்திருந்தாள். பதினாலு மாதம் என் நெஞ்சில் கிடந்த பாரம் அங்கேதான் கொஞ்சம் இறங்கியது. இதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சாப்பிட முன்கூடத்துக்கு வந்தபோதுதான் சுவரில் உன் படத்தைக் கண்டேன். மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தாள். பாரிஸ் கலியாணத்தில் எடுத்த படம், நீ ஊதாச் சேலையில் வாயைத் திறந்து சிரிக்கிறாய். பத்துப் பதினைந்து பேர் நின்ற படம் அது, உன்னை மட்டும் வெட்டி எடுத்துச் சட்டம் போட்டிருக்கிறாள். ஆனால் உன் தோளில் ஒரு கை இருக்கிறது, கை மட்டும். பெருவிரலுக்குக் கீழே மேசைவிரிப்பு மினுக்கியபோது இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு.

நான் பார்ப்பதைக் கண்டு மெற்றில்டா பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்கடை கையை மட்டும் வெட்டேலாமல் போச்சுது, மச்சாள்," என்றாள். "வெட்டினால் அக்கான்ரை தோளும் போயிடும்."

பிராகாவில் இன்னும் பாதிப் படிக்கட்டு இருக்கிறது. அடுத்த வருடம் அதற்குப் போவேன். இந்த முறை அண்ணனுக்குச் சொல்லமாட்டேன். காதுச் சிலையடியிலிருந்து தொடங்கி மேலே கோயில் வரைக்கும் ஏறி, உச்சியில் நின்று ஒரு படம் எடுப்பேன், பக்கத்தில் இடம் விட்டுத்தான். இறங்கி வந்தபிறகு மெற்றில்டா வீட்டுக்குப் போவேன். வெங்காயம் உரிப்பேன். அதற்கு மட்டும் நீ ஓம் சொல்லவேண்டும்.

உன் தோளில் கை வைத்தபடி நிற்கும்
உன் மச்சாள்
ரீத்தா