அக்கா விட்ட மூச்சு

எத்தனை பேர் இரைச்சலிலும் என் குரலைத் தனியே அறிந்துகொள்ளும் என் அன்பு அக்கா! உடனிருந்து கேட்கும் காவிரிப் படுகை உறவுகளே! வாயடைத்துக் கிடந்த ஒருத்தி சொன்னதைக் கேட்க நம்மிடம் கருவி இல்லாமல் போயிற்று. அதுவே என் வழக்கு.

பாபநாசத்துக் கூட்டத்தில் முழங்கிவிட்டு இறங்கிய என்னிடம், "ஏன்டா தம்பி, நீ மூச்சு விடாம பேசுற, சரி. கேக்குறவன் மூச்சு விட வேணாமா?" என்றாய். ஒலிபெருக்கிக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

தாளடி நடவு முடியுமுன் நுரையீரல் அழற்சி உன்னைத் தீவிர மருத்துவப் பிரிவில் கிடத்தியது. வாயில் குழாய், உனக்காக மூச்சுக்கருவி உழைத்தது. உள்ளே நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அறிய, கருவியோடு உன்னைப் படமெடுக்கும் அறைக்கு நகர்த்த வேண்டும்; அல்லது நுரையீரலுக்குள் இன்னொரு குழாயை இறக்க வேண்டும். "ரெண்டையும் அக்கா உடம்பு தாங்காதுங்க, அய்யா" என்றார் நன்னிலத்துப் பெண் மருத்துவர். காத்திருந்தோம். குருதியில் நோய் முற்றிய குறி தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

இப்போது ஒரு செய்தி, அக்கா. அதே மருத்துவர் அண்மையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கொரு பெட்டியைக் காட்டினார். மூச்சுக்கருவியில் காற்று வெளியேறும் குழாயில் அதைப் பொருத்துகிறார்கள். நுரையீரலின் உள்ளீரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துளிகள் ஒவ்வொரு மூச்சிலும் வெளிவருகின்றனவாம். உள்ளே நடப்பதை அவை காட்டக்கூடுமாம்.

"உள்ள எதையும் விட வேணாங்க. வெளிய வர்றதைப் பிடிச்சாப் போதும். ஆனா இது இன்னும் ஆய்வுலதான் இருக்கு" என்றார்.

உன் பேச்சுதான் நினைவுக்கு வந்தது. "இதை யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்பாயே! மூச்சு விடுதல் என்றால் சொல்லுதல் என்று தமிழ் என்றோ வைத்திருக்கிறது. அப்படியானால், குழாய்க்குப் பின்னாலிருந்து நீ ஓயாமல் சொல்லிக்கொண்டல்லவா இருந்திருக்கிறாய்? கேட்டிருந்தால் பிழைத்திருப்பாயா? மருத்துவரும் அறியார், நானும் அறியேன்.

இனி மேடைதோறும் இதைச் சொல்வேன். நீ கேட்டபடியே, கேட்பவர் மூச்சு விட இடம் விட்டு.

ஆட்சிப் பொறுப்பில் இருப்போரே! இந்த ஆய்வை எங்கள் படுகையின் அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுவாருங்கள். முறையாகச் சோதியுங்கள், தேறினால் படுக்கைதோறும் பொருத்துங்கள். அக்கா கிடந்த அதே படுக்கையில் இன்று குத்தாலத்து உழவர் ஒருவர் குழாயோடு கிடக்கிறார். அவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். இன்றே கேட்கத் தொடங்குங்கள்.

உன்னிடம் எதையும் மூச்சு விடாமல் இருக்கத் தெரியாத,
உன் தம்பி