கணிச்சம் சொன்னவர்

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஷிஜாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, எனக்கு முட்டுவலி பழையபடிதான், மற்றபடி சுகம். சுகம் என்று எழுதாவிட்டால் கடிதம் ஆகாதே என்று எழுதுகிறேன். போனில் சொன்னால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

உங்கள் கம்பெனி இங்கே கடலில் நட்ட நாலு காற்றாடியும் சுற்றத் தொடங்கிவிட்டது. சபையில் போதகர் உன் பெயர் சொல்லி ஸ்தோத்திரம் செய்தார், எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை. நமக்கு மீன் கொண்டுவரும் சரோஜம் இப்போது நம் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியாதா? கரையில் தெரியும் கோபுரத்தையும் மலையையும் நேர்பிடித்து, கடலுக்கடியில் மீன் கூடும் பாறையைக் கண்டுபிடிப்பார்களே, அந்தக் கணிச்சத்தை அவள் வீட்டுக்காரர் சிலுவையடிமை கூடப்பிறந்த தம்பிக்கே சொன்னதில்லை. நீ சர்வே என்று வந்து அவர் வள்ளத்தில் ஏறிக் கேட்டபோது, "நம்ம பிள்ளையாக்கும் கேக்குது" என்று இடத்தைக் காட்டித் தந்தார். நீ அதை அப்படியே கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு டென்மார்க்குக்குப் போய்விட்டாய். இப்போது அந்தப் பாறையில் காற்றாடி நிற்கிறது, பக்கத்தில் போனால் காவல் போட் விரட்டுகிறது. கரண்ட் எல்லாருக்கும் வேண்டியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. கொடுக்கட்டுமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் படிப்பு குறைந்தா போயிருக்கும்?

பாறை போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் அவர் தம்பி கடப்புறத்து மணலில் எல்லார் முன்னாலும், "எத்தற ரூவாய்க்கு அண்ணே வித்தது?" என்று கேட்டாராம். அன்று முதல் அவர் வள்ளத்தில் ஏற ஆள் வருவதில்லை. மனசு கேட்காமல் நான் பார்க்கப் போனேன். "ஷிஜா மோளுக்கு அங்க சுகந்தானே அக்கா" என்று கேட்டார். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

குளிருக்குத் தலையை மூடிக்கொள், சாப்பாட்டை விடாதே. கர்த்தர் உன்னைக் காக்கட்டும், இதை மனதாரத்தான் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கிறிஸ்துமஸுக்கு வரும்போது நேரே வீட்டுக்கு வர வேண்டாம், கடப்புறத்துக்குப் போ. தம்பியும் ஆட்களும் நிற்கிற இடத்தில் நின்று, அவர் ஒரு பைசா வாங்கவில்லை, அவர் நம்பிச் சொன்னதை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று உன் வாயால் சொல். அதற்குத் தைரியம் இல்லையென்றால் டிக்கெட் எடுக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற லீலாபாய்
காஞ்சிரங்குளம்