மூன்றரை மணிப் படகு

பிடோலா,
ஜூன் 11, திங்கட்கிழமை.

அன்பு மகள் தெஸ்பினாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. அம்மா நன்றாக இருக்கிறாள். நானும் நன்றாக இருக்கிறேன். மழைக்கு முன்னால் வலது முழங்கால் மட்டும் வலிக்கிறது. நிதானமாக உட்கார்ந்து படி.

போனிலேயே பேசியிருக்கலாம். நேற்றிலிருந்து அம்மா மூன்று தடவை போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டாள். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. பேச்சு வராவிட்டால் கோபம் வரும். என் கோபம்தான் உனக்குத் தெரியுமே. கடிதம் என்றால், கோபம் வந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு நடை போய் வரலாம்.

இங்கே பெரிய செய்தி ஒன்றும் இல்லை. இந்த வருஷம் செர்ரி நன்றாகக் காய்த்தது, பாதியைப் பறவைகள் தின்றுவிட்டன. கீழ்வீட்டுக் கோச்சோ மறுபடியும் தன் காரை நம் வாசலில் நிறுத்துகிறான், நானும் மறுபடியும் சண்டை போடுகிறேன். உன் அறையில் கிடந்த தையல் மெஷினை அம்மா நேற்று கூடத்துக்குத் தள்ளிவிட்டாள். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அம்மா உன்னிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பாள். அவள் சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும். என் தரப்பையும் கேள்.

புதன்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கோயில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து புனித நௌம் மடாலயத்துக்குப் போகிறார்கள், காலையில் போய் மாலையில் திரும்பலாம், இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டித் தேய்ந்த முதுகை இன்னொருத்தன் ஓட்டும் வண்டியில் கொண்டுபோய் உடைக்க முடியாது என்றேன். “நேர்ந்துக்கிட்டது நான். நீ சும்மா கூட வந்து நில்லு. உன் முழங்காலுக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி ஏத்துறேன்” என்றாள். என்ன நேர்த்தி என்று நான் கேட்கவில்லை. மூன்று வருஷமாக இந்த வீட்டில் நான் கேட்காத கேள்விகள் நிறைய.

ஓஹ்ரிட் வரை வேன். ஓட்டியவன் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்தான், என் காலும் சேர்ந்து மிதித்தது. அங்கிருந்து படகு. ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. அம்மா மெல்லிய மாவில் கீரை வைத்துச் சுட்ட பிட்டாவைப் பெரிய தட்டோடு துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். எட்டுப் பேர் தின்னலாம். “ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு?” என்றேன். “ஏரிக் காத்து பட்டா பசிக்கும், மனுஷா” என்றாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் அந்த நீல உடையைப் போட்டிருந்தாள். உன் கல்யாணத்துக்கென்று தைத்து, வேறு மதத்துப் பையன் என்று நான் தடுத்ததால் போகாமல், அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்த உடை. நான் தண்ணீரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

மடாலயத்தில் நல்ல கூட்டம். புனிதரின் கல்லறை இருக்கும் சிற்றறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சு விட முடியாது. எங்களுக்கு முன்னால் ஒரு பெண், அம்மா வயதுதான் இருக்கும். மண்டியிட்டு, புனிதரின் இதயத்துடிப்பைக் கேட்கக் கல்லில் காதை வைத்தவள் எழுந்திருக்கவே இல்லை. வரிசை வாசலைத் தாண்டி மயில்கள் திரியும் முற்றம் வரை போய்விட்டது. நான் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, “என்னம்மா, உள்ளேருந்து கதை சொல்றாரா? எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையி” என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா என் கையில் கிள்ளிய இடம் இன்னும் நீலமாக இருக்கிறது.

அந்தப் பெண் எழுந்து திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர். அம்மாவைப் பார்த்ததும் “வாங்கெலியா!” என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள், ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள் மாதிரி. அவள் தன் மொழியில் ஏதோ சொல்கிறாள், அம்மா நம் மொழியில் ஏதோ சொல்கிறாள், இரண்டு பேரும் தலையை ஆட்டுகிறார்கள். நான் சுவரோடு சுவராக நின்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “இவங்கதான் ஃபெரிதே. லுவானோட அம்மா, நம்ம பொண்ணோட மாமியார். நம்மளைப் பாக்கத்தான் எல்லை தாண்டி வந்திருக்காங்க. திட்டணும்னா வெளியே போய்த் திட்டு. இங்க சாமி படுத்திருக்காரு” என்றாள்.

நான் திட்டவில்லை. வெளியே போனேன். நேராகப் படகுத்துறைக்குப் போய், உடனே திரும்ப வேண்டும் என்று படகுக்காரனிடம் சொன்னேன். அவன் வறுத்த மீனைத் தின்றுகொண்டிருந்தான். “மூன்றரைக்குத்தான் படகு, அண்ணே. அதுக்கு முன்னாடி போகணும்னா நீந்தித்தான் போகணும்” என்றான். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

ஊற்றுகள் இருக்கும் பக்கமாகப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அடுத்த பெஞ்சில் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்தார். குட்டையான ஆள், வழுக்கை, கை இரண்டும் மண்வெட்டி மாதிரி. ஃபெரிதேவின் கைப்பை அவர் தோளில் தொங்கியது. அதனால் யாரென்று தெரிந்துவிட்டது. அவர் தன் மொழியில் ஏதோ சொன்னார். புரியவில்லை என்று நம் மொழியில் சொன்னேன். அதுவும் அவருக்குப் புரியவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன்.

அப்போது ஒரு மயில் அவர் காதுக்குப் பின்னால் வந்து அலறியது. மனிதர் துள்ளி எழுந்து, கிரேக்கத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. தெசலோனிக்கா பஸ் நிலையத்தில் லக்கேஜ் ஏற்றுகிறவர்கள் சொல்கிற வார்த்தை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கிரேக்கம் தெரியுமா உங்களுக்கு?” என்றார்.

“பத்தொன்பது வருஷம் தெசலோனிக்கா ரூட்ல பஸ் ஓட்டினேன்” என்றேன்.

“நான் பன்னெண்டு வருஷம் அங்க சுவர் பூசினேன். பஸ் நிலையத்துக்கு எதிர்ல ஒரு ஓட்டல் இருக்குமே, அது என் கைவேலை.”

“தெரியும். பூச்சு பேந்து என் காபியில விழுந்திருக்கு.”

“அது எனக்கப்புறம் வந்தவன் பூசினது” என்று சத்தியம் செய்தார். பெயர் ரெஃபாத் என்றார். ஒரு சிகரெட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன், அம்மாவிடம் சொல்லாதே. பிறகு அவர், “சிம்பேதெரே” என்று ஆரம்பித்தார். கிரேக்கத்தில் சம்பந்தி என்று அர்த்தம்.

“நான் உங்களுக்குச் சம்பந்தி இல்லை” என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “சரி, வேண்டாம். நானும் ஒன்றரை வருஷம் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். பையன் போன் பண்ணா எடுக்க மாட்டேன். உலகத்துல வேற பொண்ணே கிடைக்கலையாடா உனக்குன்னு கேட்டேன்” என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். “எங்க தெஸ்பினாவுக்கு என்ன குறைச்சல்? படிப்பு இல்லையா? குணம் இல்லையா? நர்ஸ் படிப்புல முதல் மாணவி! அவ கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும் உங்க பையன்!” என்று கத்தினேன். ஊற்றுக் குளத்தில் துடுப்புப் படகில் போன வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

ரெஃபாத் சிரித்தார். “இதையேதான் நான் ஃபெரிதேகிட்ட உங்களைப் பத்திக் கேட்டேன். எம் பையனுக்கு என்ன குறைச்சலாம் அந்த ஆளுக்குன்னு.”

நான் உட்கார்ந்துவிட்டேன். வேறு என்ன செய்ய? மூன்று வருஷத்தில் உன் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அவர் பேசினார். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேசினார். உன் குழந்தை குறித்த நாளுக்குப் பதினோரு வாரம் முன்னாலேயே பிறந்தது. எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் மேல். உனக்கு ரத்தம் நிற்காமல், இரண்டு நாள் டாக்டர்கள் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. லுவான் அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரி நடைவழியில் ஒரு நாற்காலியிலேயே இருந்தான். ஏழு வாரம் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள், தொண்டையிலும் மூக்கிலும் குழாயோடு. போன வியாழக்கிழமைதான் வீட்டுக்கு வந்தீர்கள். “பொழைச்சோம், சிம்பேதெரே. எல்லாரும் பொழைச்சோம்” என்றார்.

ஏப்ரலில் அம்மா அறை வாசலில் வந்து நின்று, “உனக்குப் பேத்தி பொறந்திருக்கா” என்று சொன்னாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் சந்தைக்குப் போகிறேன் என்று போவாள், ஒரு வெங்காயம்கூட இல்லாமல் வெறுங்கையோடு திரும்பி வருவாள். கோயிலில் போய் நின்றிருக்கிறாள். ஏழு வாரம், தெஸ்பினா. அதே ஏழு வாரமும் நான் செர்ரி மரத்துக்கு மருந்தடித்தேன், கோச்சோவோடு சண்டை போட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

“இப்ப?” என்று மட்டும் கேட்டேன். என் கிரேக்கம் அதோடு தீர்ந்துபோனது.

ரெஃபாத் போனை எடுத்து வீடியோவைப் போட்டார். முகமெல்லாம் சிவக்க அவள் கத்திக்கொண்டிருந்தாள். “குழாய் இருந்த வரைக்கும் சத்தமே வராது. வாயைத் தொறந்து அழுவா, ஒண்ணும் கேக்காது. இந்தக் கத்தலுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தோம்” என்றார். நான் அதை நான்கு தடவை போடச் சொன்னேன். ஐந்தாவது தடவை அவராகவே போட்டார்.

பிறகு நான் மட்டும் எழுந்து கோயிலுக்குள் போனேன். மறுபடியும் வரிசையில் நின்றேன். மண்டியிட்டுக் கல்லில் காதை வைத்தேன். என்ன கேட்டது என்று அம்மாவிடம் சொல்லவில்லை, உனக்கும் சொல்லப்போவதில்லை. எழுந்திருக்க நேரமாகிவிட்டது. முழங்காலால் மட்டும் இல்லை. பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு அது வேண்டியதுதான். ஃபெரிதேவின் ஆட்களான முஸ்லிம்கள் அதே கல்லறையில் இருப்பவரை வேறு பெயரில் கூப்பிடுகிறார்கள். எந்தப் பெயரில் கேட்டதற்கு இது கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. நான் இரண்டு பெயரையும் சொல்லி நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மரத்தடியில் நாலு பேரும் சாப்பிட்டோம். ஃபெரிதேவும் ஒரு தட்டு பிட்டா கொண்டுவந்திருந்தாள், அதுவும் கீரைதான். யாருடைய மாவு மெலிசு என்று பெண்கள் இரண்டு பேரும் கையைக் காட்டிக் காட்டியே சண்டை போட்டார்கள். நான் கல்லறையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். ரெஃபாத் அதை மொழிபெயர்த்தார். “சாமி சொன்ன கதையில உங்களைப் பத்தித்தான் நிறைய வந்துச்சுன்னு சொல்லு” என்றாளாம் ஃபெரிதே. அந்த அம்மாவிடம் வாய் கொடுக்கக் கூடாது.

குழந்தையின் மூக்கு தன் மூக்கு என்று ரெஃபாத் சொன்னார். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது என் மூக்கு. இதில் விட்டுக்கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பேச்சு சுவாரஸ்யத்தில் மணி பார்க்கவில்லை. படகு மூன்று தடவை ஊதியது. துறைக்கு ஓடினோம், என்னால் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. படகுக்காரன், “காலையில நீந்திப் போறேன்னு நின்னீங்க, இப்ப உங்களுக்காகப் படகே காத்துக்கிட்டு இருக்கு!” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். கரையில் ரெஃபாத்தும் ஃபெரிதேவும் கையை ஆட்டினார்கள். நான் “சிம்பேதெரே!” என்று கூப்பிட்டேன். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு இன்னொரு தடவை கத்தினேன். கோயில் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

திரும்பும்போது அம்மா, “எம்மேல கோவமா?” என்றாள். இல்லை என்றேன். “அப்ப ஏன் பேசாம வர்றே?” என்றாள். நான் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து ஓஹ்ரிட் வரும்வரை தூங்கினாள். எவ்வளவு நாள் தூக்கம் பாக்கி இருந்ததோ.

நீங்கள் அங்கே பேசிக்கொள்ளும் ஜெர்மன் மொழியில் லுவானுக்கு எழுத எனக்குத் தெரியாது. இதை அவனுக்குப் படித்துச் சொல். அந்த நடைவழியில் அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருந்திருக்கும். அது காலியாக இருந்தது என்று எனக்குத் தெரியும் என்று சொல்.

நீ சாப்பிடுகிறாயா? ரத்தம் போன உடம்புக்கு ஈரல் நல்லது என்று அம்மா சொல்கிறாள். குழந்தை நோரா எவ்வளவு எடை ஏறினாள் என்று வாரம் தவறாமல் எழுது. போனில் அம்மாவிடம் சொன்னாலும் எனக்குத் தனியாக எழுது.

டாக்டர் பயணம் செய்யலாம் என்று சொன்ன பிறகு வாருங்கள். அவசரம் இல்லை, ஆனால் குளிர் வருவதற்குள் வந்தால் நல்லது. லுவானிடம் சொல், வாடகைக் கார் எடுக்க வேண்டாம். விமான நிலையத்துக்கு நான் வந்து நிற்பேன், எந்த நேரமானாலும். பச்சைக் குழந்தை இருக்கும் வண்டியை எப்படி ஓட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ பிறந்தபோது உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். அவ்வளவு தூரமும் இரண்டாவது கியரிலேயே வந்தேன்.

ஆண்டவன் உங்கள் மூன்று பேரையும் தன் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா ஸ்தாவ்ரே