மடக்கி எடுத்த படம்

அம்மாவுக்கு,

சியோலிலிருந்து போரம் குனிந்து வணங்கி எழுதுகிறேன். அங்கே நம் ஊர் ஹேனாமில் உறைபனி விழத் தொடங்கிவிட்டதா? தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்ச் சூட்டைப் போட்டுக்கொண்டுதானே தூங்குகிறீர்கள்? மாற்றிய முழங்கால் எப்படி இருக்கிறது?

நேற்று எங்கள் எக்ஸ்ரே அறையில் ஒரு வேடிக்கை. உங்களைப் போலவே முழங்கால் மாற்றி, சில்லுக்குப் பின்னால் பிளாஸ்டிக் வில்லை பதித்துக்கொண்ட ஓர் அம்மாள் வந்திருந்தார்.

"வலியே இல்லம்மா, சும்மா கடக்கு கடக்குன்னு சத்தம்தான்" என்றார்.

காலை நீட்டி எடுத்த படத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மடக்கி எடுத்த படத்தில் வில்லை கழன்று சரிந்திருந்தது.

"குத்தவச்சு உக்காந்து, கோஸுக்கு உப்பும் மிளகாயும் தடவி கிம்ச்சி போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பின்ன, நாற்காலி போட்டு உக்காந்தா போடுவாங்க? பொண்ணுக்கு அனுப்பணுமில்ல! அவ காதுல மட்டும் போட்டுடாத" என்று சிரித்தார்.

நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஊர் ஆஸ்பத்திரியில் முழங்காலை மடக்கி ஒரு படம் எடுக்கச் சொல்லி, என் போனுக்கு அனுப்புங்கள். என் பழைய கம்பளிப் போர்வையும் வேண்டும். நான் தங்கியிருக்கும் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். உங்கள் கிம்ச்சிப் பெட்டி இன்று காலை வந்து சேர்ந்தது. படம் வரும்வரை அதைத் திறக்க மாட்டேன்.

போரம்