ஐந்து கறியும் சைவம்

மாசி 4
காலையில் பனி. பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். சின்ன மகள் ஜெரினா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க விசாலம் வீட்டுக்குப் போனேன். "சைவம் சாப்புடுறவங்களுக்குப் பக்கத்து வீட்டுல தனியா ஐயர் சமையல்" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"பெரியவ கல்யாணத்துலயும் அப்படித்தான் உக்கார வச்சே ராபியா. சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு. நீங்கள்லாம் சிரிச்சுக்கிட்டு சாப்புடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு."

இத்தனை வருஷச் சிநேகிதி. மரியாதை என்று நினைத்துச் செய்தேன். அவளுக்கு அது ஒதுக்கி வைத்ததாகப் பட்டிருக்கிறது.

மாசி 5
ஐயர் வேண்டாமென்று சொல்லியாயிற்று. கல்யாணமென்றால் அஞ்சு கறி சோறு போடுகிற வீடு இது. விசாலத்துக்கும் அஞ்சு கறி. எல்லாம் சைவம். என் கையால், எங்கள் பந்தலில்.

தன் வீட்டுக் கன்றுக்குட்டி செத்ததிலிருந்து அவள் பால், மோர், நெய் தொடுவதில்லை. அதனால் நெய்ச்சோறு கிடையாது. தேங்காய்ப்பால் சோறு. பலாக்காய் குருமா. வாழைப்பூ வறுவல். மாங்காய் தால்சா (எலும்பு போடாமல், பருப்பு மட்டும்). கத்திரிக்காய் பச்சடி. ஐந்தாவது? சேனையா, உருளையா? யோசிக்க வேண்டும்.

சைவத்துக்கென்று தேக்சாப் பாத்திரம், கரண்டி புதிதாக வாங்க வேண்டும். ஜாக்கெட் தையற்காரர் இன்னும் தரவில்லை.

வீட்டுக்காரர்: "மொதல்ல அவங்க வர்றாங்களான்னு பாரு புள்ள."

அதுவும் சரிதான். சர்க்கார் சொன்ன அறுவடைக் கூலியை இந்த ஊரில் முதலில் கொடுத்தது இவர். மற்ற மிராசுகளுக்கு ஆத்திரம். கூலி கேட்டுச் செங்கொடி நட்ட அவர்கள் வயல்களில் கதிர் இன்னும் அறுபடாமல் நிற்கிறது. விசாலத்தின் கணவரும் அந்த மிராசுகளில் ஒருவர்; எங்களைக் கண்டால் வேறு வரப்பில் இறங்கிப் போகிறார். அவர் போகட்டும். அவள் வரவேண்டும்.

மாசி 9
வெள்ளோட்டம். வாழைப்பூ கசந்தது; மோரில் ஊறவைக்க வழியில்லையே. அரிசி களைந்த தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், சரியாயிற்று. சேனை முடிவு. தேங்காய் எண்ணெயில் முறுகல்.

குருமா! வீட்டுக்காரர் மூன்று முறை போட்டுக்கொண்டார். "கறி எங்கே" என்று கேட்பார், ஒரு வாங்கு வாங்கலாமென்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. இந்தக் கைப்பக்குவம் இந்த ஊரில் எவளுக்கு வரும்?

ஜாக்கெட் வந்தது. கை இறுக்கம்.

மாசி 14
நிக்காஹ் முடிந்தது. கால் இரண்டும் கழன்று விழுகிறது. இருந்தாலும் எழுதியாக வேண்டும்.

பந்திக்குக் கொஞ்சம் முன்னால், ஆட்டுக்கறி ஆக்கிக்கொண்டிருந்த பண்டாரி அதே கரண்டியை என் தால்சாவில் விட்டு ருசி பார்த்துவிட்டார்.

"யாரும் பாக்கலம்மா, விடுங்க."

"நான் பாத்துட்டேனே அண்ணே."

தேக்சாவை அப்படியே கறிப் பந்திக்கு அனுப்பிவிட்டு, பட்டுப்புடவையோடு மறுபடி பருப்பு வேகவைத்தேன். பந்தி தாமதம். சம்பந்தி வீட்டார் முணுமுணுப்பு. முணுமுணுக்கட்டும்.

விசாலம் வந்தாள். தனியாகத்தான். ஏன் தாமதமென்று நடந்ததைச் சொன்னேன்.

"சொல்லாம போட்டிருந்தா எனக்குத் தெரியவா போவுது?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

எங்களில் நாலு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து அதிலேயே சாப்பிடுவோம்; சஹன் என்போம். சைவ சஹன் ஒன்று எனக்கும் என் தங்கைக்கும் மருமகளுக்கும். பக்கத்தில் விசாலத்துக்கு மட்டும் வாழையிலை. அவள் எச்சில் பார்க்கிற வீட்டில் பிறந்தவள், எனக்குத் தெரியாதா?

அவள் இலையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் என்ன இலை? தள்ளி உக்காருங்கடி."

உட்கார்ந்தாள். கையை விட்டாள். பெண்கள் பந்தலில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. எனக்குக் கண்ணீர் கொட்டியது. மிளகாய் நெடி என்று சொல்லவில்லை. பெருமை, வேறென்ன!

கறி சாப்பிட்டவர்களெல்லாம் குருமா கேட்டு ஆள் அனுப்பினார்கள். இல்லை, தீர்ந்தது. எங்கள் தட்டில் ஒரே ஒரு பலாக்காய்த் துண்டு. விருந்தாளி எடுக்கட்டும் என்று விடத்தான் நினைத்தேன். ஆனால் செய்தவளுக்கு ஒரு வாய் வேண்டாமா? கையை நீட்டினேன். என் விரலைத் தட்டிவிட்டு அவள் வாயில் போட்டுக்கொண்டாள்.